தேர் வராத தெருவிலிருந்து வேளாங்கண்ணிக்கு



ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஆம் நாளைத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 1950இல் அந்த நாளில்தான் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியானது. இந்து அல்லாத ஒருவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று அதன் மூன்றாம் பத்தி சொன்னது. அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 29 மாலையில், வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. கறுப்புக் கொடி பிடித்த அதே தெருக்களிலிருந்து காவி உடுத்திய நடைப்பயணிகள் கிளம்புகிறார்கள். இந்த இரண்டு கொடிகளுக்கும் என்ன உறவு என்பதே இன்றைய உரையின் கேள்வி.

இதற்கு ஏற்கெனவே இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, திருச்சபைக்குள் அடிக்கடி கேட்பது: "வேளாங்கண்ணியைப் பாருங்கள், அங்கே சாதி உண்டா? மதம் உண்டா? எல்லோரும் ஒரே தாயின் பிள்ளைகள்." மற்றொன்று, நம் இயக்கங்களுக்குள் கேட்பது: "உரிமைக்காகத் தெருவுக்கு வர வேண்டிய இளைஞர்கள் மொட்டை போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடக்கிறார்களே!" இரண்டையும் நாம் ஏற்கவில்லை. முதல் பதில் அங்கே வந்து சேரும் கூட்டத்தைப் பார்க்கிறது, அந்தக் கூட்டம் எந்தத் தெருக்களிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. இரண்டாவது பதில் நம் மக்களுக்கு ஒரு வரலாறு இருக்கும் என்பதையே மறந்துவிடுகிறது. வேளாங்கண்ணிப் பாதையில் சாதி கேட்கப்படாதது, சாதி இல்லை என்பதற்கான சான்றாகாது. ஊரில் சாதி இருந்ததால்தான் அப்படியொரு பாதை நமக்குத் தேவைப்பட்டது என்பதற்கே அது சான்று. இதை வரலாற்றின் வழியே விளக்க முயல்வோம்.

மூன்று கதைகள்

வேளாங்கண்ணிக்கு மூன்று தோற்றக் கதைகள் உண்டு. நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டவைதான். ஆனாலும் ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். முதல் கதையில், நாகப்பட்டினத்திலுள்ள எஜமானின் வீட்டுக்குப் பால் சுமந்துபோகும் சிறுவன், குளக்கரை ஆலமரத்தடியில் ஓய்வெடுக்கிறான். கைக்குழந்தையோடு தோன்றிய பெண் குழந்தைக்குப் பால் கேட்கிறாள். அவன் கொடுக்கிறான். பால் குறைந்ததற்கு எஜமானிடம் மன்னிப்புக் கேட்டு நிற்கும்போது குடம் நிரம்பி வழிகிறது. அந்தக் குளமே இன்றைய மாதா குளம். இரண்டாவது கதையில், ஏழை விதவையின் மகன், நடக்க முடியாத சிறுவன், நடுத்திட்டில் வழிப்போக்கர்களுக்கு மோர் விற்கிறான். அதே பெண் வந்து மோர் கேட்கிறாள். பிறகு நாகப்பட்டினத்திலுள்ள ஒரு செல்வரிடம் போய், தனக்கு ஒரு கோயில் கட்டச் சொல்லும்படி அவனிடமே செய்தி அனுப்புகிறாள். அப்போதுதான் தன்னால் நடக்க முடிவது அவனுக்குத் தெரிகிறது. மூன்றாவது கதையில், புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலோட்டிகள் செப்டம்பர் 8ஆம் நாள் இந்தக் கரையில் ஒதுங்கிப் பிழைத்து, கூரைக் கோயிலைக் கல் கோயிலாகக் கட்டுகிறார்கள். மரபு இவற்றை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வைக்கிறது. இவை வாய்மொழியாக வந்த கதைகள்.

இங்கே நாம் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சிறுவர்கள் தலித்துகள் என்று மரபு சொல்லவில்லை. நமக்கு வேண்டியதை வரலாற்றுக்குள் திணிப்பது நம் வேலையல்ல. அதை மற்றவர்கள் போதுமான அளவு செய்துவிட்டார்கள். ஆனால் கதை என்ன சொல்கிறதோ அதைப் படிக்கும் உரிமை நமக்கு உண்டு. கண்டவன் வேலைக்காரச் சிறுவன். அவன் சுமந்த பால் அவனுடையதல்ல. செய்தி செல்வரிடம் நேராகப் போகவில்லை, மோர் விற்கும் பிள்ளையின் வழியாகப் போகிறது. யார் கையால் வாங்கிக் குடிக்கலாம், யார் கையால் வாங்கக் கூடாது என்பதையே வாழ்க்கைச் சட்டமாக வைத்திருந்த ஒரு சமூகத்தில், கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்த ஒரு தாயைப் பற்றிய கதை இது.

இன்னொன்றும் உண்டு. மூன்று கதைகளிலும் நாட்டாண்மை இல்லை, காணியாளர் இல்லை. இந்தக் கோயில் எங்கள் முன்னோர் கட்டியது, முதல் மரியாதை எங்களுக்கே என்று ஒரு சாதி உரிமை கொண்டாட இந்தக் கதைகள் இடம் வைக்கவில்லை. தூத்துக்குடிப் பனிமய மாதாவின் தங்கத்தேர் பரதவர் சமூகத்தின் வரலாற்றோடும் அவர்களுடைய சாதித் தலைவரின் தலைமையோடும் பிணைந்து வளர்ந்தது. அது அந்த மக்களின் வரலாறு, அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வேளாங்கண்ணி அப்படி ஒரு சமூகத்தின் கோயிலாக வளரவில்லை. வெளியிலிருந்து வந்தவர்களாலேயே அது பெருகியது.

நிறுவனமும் அப்படித்தான் பின்னால் வந்து சேர்ந்தது. நாகப்பட்டினம் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரரிடமும், 1781இல் ஆங்கிலேயரிடமும் கைமாறியது. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கர் அல்லர். அவர்கள் ஆட்சியிலும் வேளாங்கண்ணிக்கு மக்கள் வருவது நிற்கவில்லை. நாகப்பட்டினத்தோடு இணைந்திருந்த வேளாங்கண்ணி 1771இல் தனிப்பங்கானது. தஞ்சை மறைமாவட்டம் 1952இல் உருவானது. 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் இந்தக் கோயிலைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ரோம் அங்கீகரிப்பதற்கு முன்பே மக்கள் இதை அங்கீகரித்துவிட்டார்கள்.

ஊர்த்தேரின் வரிசை

வேளாங்கண்ணி ஏன் தேவைப்பட்டது என்று புரிய வேண்டுமானால் நாம் விட்டுவந்த ஊரைப் பார்க்க வேண்டும்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதி வழக்கங்களோடு கிறிஸ்தவத்தைப் பொருத்தினார். பூணூலும் குடுமியும் மதச்சின்னங்கள் அல்ல, சமூகச் சின்னங்களே என்ற அவருடைய வாதத்தை ஏற்று 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். 1640 வாக்கில் மற்றச் சாதியாரிடம் பணியாற்றப் பண்டாரசாமிகள் என்ற தனிவகைக் குருக்கள் வந்தார்கள். ஒரே சபை, ஒரே அப்பம், ஆனால் இரண்டு வகைக் குருக்கள். 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட், பறையர் வீட்டுக்கும் குருக்கள் போய் அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கு மிஷனரிகள் கண்ட வழி, பறையர்களுக்கென்றே தனியாகச் சில குருக்களை ஒதுக்குவது. சேர்ந்து இருக்கச் சொன்ன ஆணையைப் பிரித்துவைத்து நிறைவேற்றினார்கள். சாதி வேறு, சமயம் வேறு; சமயத்தை மாற்றலாம், சாதியைத் தொட வேண்டாம் என்ற ஏற்பாடு இப்படித்தான் கல்லில் எழுதப்பட்டது.

கல்லில் என்பது உவமையல்ல. வடக்கன்குளத்தில் 1870களில் கட்டிய கோயில், பலிபீடத்தில் மட்டும் சந்திக்கும் இரண்டு கூடங்களாகவே கட்டப்பட்டது. ஒரு பக்கம் பிள்ளைமாரும் முதலியாரும், மறுபக்கம் நாடார்கள் முதலான மற்றவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்புகள் இடிக்கப்பட்டபோது, தங்களுக்கெனத் தனி இடம் வேண்டும் என்று உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. மைக்கேல் பிள்ளை வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். கவனியுங்கள்: கோயிலுக்குள் சாதி இல்லை என்று வாதாட அவர்கள் போகவில்லை. இருக்கிறது, அது எங்கள் உரிமை என்று வாதாடவே போனார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய தம் இதழில் சாதிக் கிறிஸ்தவர்களைக் கேள்வி கேட்டது இந்தக் காலத்தில்தான்.

திருவிழாவில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். தேர் எந்தத் தெருவில் தொடங்கும், எங்கே திரும்பும், வடத்தை யார் தொடலாம், மண்டகப்படி யாருக்கு, மரியாதை யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற வரிசையே ஊரின் சாதி வரிசை. ராமநாதபுரச் சீமையின் ஒரு கிராமத்தைப் பல ஆண்டுகள் ஆய்ந்து மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2012இல் வெளியிட்ட நூல், யாகப்பர் திருவிழாவின் மரியாதைகளைச் சுற்றி நம் மக்கள் நடத்திய போராட்டங்களை விரிவாகக் காட்டுகிறது. தேர்த்திருவிழாவில் கேட்கப்பட்டது பக்திக்கான அனுமதி மட்டுமல்ல. ஊரில் நாங்களும் குடிகள் என்ற உரிமை அது.

அதன் விலை என்ன என்பதை எறையூர் சொல்லும். அங்குள்ள கோயிலும் மாதா கோயில்தான், ஜெபமாலை அன்னையின் கோயில். தனி இடம், பிணம் கொண்டுபோகத் தனி வழி, தேர் வராத தெரு என்று நம் மக்கள் பட்டார்கள். தங்கள் தெருவில் சகாய மாதாவுக்குக் கோயில் எழுப்பி, தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் நாள் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். ஒரு மாதாவின் பிள்ளைகள், இன்னொரு மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்விக்கு, "எல்லோரும் ஒரே தாயின் பிள்ளைகள்" என்ற வாசகம் பதிலாகாது.

பாதை என்ன கொடுத்தது

இந்தப் பின்னணியோடு இப்போது பாதைக்கு வருவோம்.

கீழத்தஞ்சையின் பண்ணையாளுக்கு நிலம் இல்லை, கூலியில் பேச்சுரிமை இல்லை. சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண் அது. 1952இல்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கிறிஸ்து பிறப்பு இரவு அது. வேளாங்கண்ணியில் மணி அடித்த அதே மாவட்டத்தில் வெண்மணி எரிந்தது. அப்படிப்பட்ட மண்ணில், தன் நாளைத் தானே தீர்மானிக்க முடியாத ஒரு மனிதர், "நேர்ந்துகொண்டேன், போக வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது சிறிய செயலல்ல. ஆண்டையே மறுக்கத் தயங்கிய சொற்களில் நேர்த்திக்கடனும் ஒன்று.

பெயரையும் பாருங்கள். ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி, ஆரோக்கியதாஸ், வேளாங்கண்ணி. மதம் மாறாத நம் குடும்பங்களிலும் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு வேளாங்கண்ணி என்று பெயர் வைப்பது உண்டு. மரியாதையான பெயரை வைத்துக்கொள்ளவே விடாத ஊர்களில், மாதாவின் பெயரை மாற்றச் சொல்வது ஊராருக்கு எளிதாக இருக்கவில்லை. 'சாமி' என்று முடியும் ஒரு பெயரைச் சேரிப் பிள்ளைக்கு வைத்தது, கிழவிகள் நடத்திய ஒரு சிறிய கலகம். ஞானஸ்நானப் பதிவேடுகளை இந்தக் கண்ணோட்டத்தில் யாராவது படித்தால் ஓர் ஆய்வேடு எழுதலாம்.

நடைப்பயணத்தில் நாம் அதிகம் கவனிக்காத பொருள் ஒன்று உண்டு. அது சப்பரம். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வரும் குழுக்களில் பல, தங்களுக்கென ஒரு சிறிய தேரைக் கட்டிக்கொள்கின்றன. சக்கரம் வைத்த வண்டி, அதன்மேல் மாதா சொரூபம், பூ, வண்ண விளக்கு, ஒலிபெருக்கி. வெயிலில் முறைபோட்டு இழுத்து வருகிறார்கள். பார்ப்பவருக்கு அது அலங்காரம். தன் ஊரில் தேர்வடத்தைத் தொட முடியாத தாத்தாவின் பேரனுக்கு அது வேறு. தேர் அவன் தெருவுக்கு வரவில்லை, அதனால் அவன் ஒரு தேரைச் செய்து நாட்டின் நெடுஞ்சாலையில் இழுத்துப் போகிறான். எந்த ஊரில் நிறுத்துவது, யார் முதலில் பிடிப்பது என்பதை அவனும் அவன் கூட்டாளிகளும் முடிவுசெய்கிறார்கள். வழியில் இந்துக்களும் முஸ்லிம்களும் மோரும் சோறும் கொடுக்கிறார்கள், தெரு எது என்று கேட்காமல்.

கோயிலுக்கு வந்து சேர்ந்ததும் அதுவே தொடர்கிறது. மொட்டை, காதுகுத்து, தென்னங்கன்று, மெழுகுதிரி, வெள்ளியில் செய்த கண்ணும் காலும், மணலில் முழங்காலிட்டு நகர்ந்து போகும் வேண்டுதல். இதில் எதற்கும் ஊர்த் தலைவரின் உத்தரவு வேண்டாம், பரிந்துரைக் கடிதம் வேண்டாம். மாதா குளத்துத் தண்ணீரை எல்லோரும் எடுக்கிறார்கள், எல்லோரும் குடிக்கிறார்கள். 1927இல் மகாடு குளத்தில் ஒரு கை நீர் அள்ளுவதற்காக அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்த நாடு இது என்பதை நினைவில் வைத்து அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கர் அல்லாதோரும் இங்கே பெருந்திரளாக வருவதை வத்திக்கானே 2024இல் தஞ்சை ஆயருக்கு எழுதிய கடிதத்தில் மதிப்போடு குறிப்பிட்டது.

பாதையின் எல்லை

யாத்திரையில் மனிதர்கள் தங்கள் அன்றாடத் தகுதிகளைக் கழற்றிவைத்துவிட்டுச் சமமாகக் கலப்பதை, மானிடவியலில் விக்டர் டர்னர் 'கம்யூனிடாஸ்' என்று பெயரிட்டு விளக்கினார். நம் அனுபவம் அதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. வேளாங்கண்ணியில் சாதி கேட்கப்படாததற்கு முக்கியக் காரணம், அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது என்பது. அது அந்நியர்களின் சமத்துவம். தெரிந்தவர்களுக்கிடையே, பக்கத்துத் தெருக்காரர்களுக்கிடையே, ஒரே பங்கில் ஒரே பாத்திரத்திலிருந்து அப்பம் வாங்குபவர்களுக்கிடையே சமத்துவம் வருவதுதான் கடினம். செப்டம்பர் 8 முடிந்து ஊர் திரும்பியதும், அதே மனிதர் அதே தெருவில்தான் இறங்குகிறார்.

மரணத்திலும் இதைக் கண்டோம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. வெண்மணி நினைவு நாளுக்கு மறுநாள். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்தபோது ஆழிப்பேரலை வந்தது. நூற்றுக்கணக்கானோர் அங்கே மட்டும் இறந்தார்கள். நாகை மாவட்டம் முழுதும் கிடந்த உடல்களை எடுக்கத் தமிழகத்தின் பல நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் தலித்துகள். கையுறைகூட ஒழுங்காக இல்லாமல், பெயர் தெரியாத எல்லாச் சாதி உடல்களையும் அவர்களே தூக்கினார்கள், அவர்களே புதைத்தார்கள். அந்தக் குழிகளில் சுவர் இல்லை. ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளை மற்றவர்களின் கல்லறைகளிலிருந்து பிரிக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டது. அதை இடிக்கச் சொல்லி எத்தனை போராட்டங்கள் நடந்தன என்பது இந்த அவையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பேரலையில் ஒன்றாகக் கிடக்கலாம், பங்குக் கல்லறையில் ஒன்றாகக் கிடக்கக் கூடாது என்றால், வேளாங்கண்ணியைக் காட்டிச் சாதி இல்லை என்று சொல்பவர்கள் எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள்?

சான்று கேட்கும் நீதிமன்றம்

இது நினைவுகூரலோடு நிற்கும் பிரச்சினையல்ல. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், மற்றத் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. இந்துச் சமூகத்தில் அனுபவித்த இழிவு, கிறிஸ்தவத்துக்கு மாறிய பிறகும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று சொல்லி மனு தள்ளுபடியானது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்கு இன்றுவரை மூடியே இருக்கிறது. தமிழகத்தில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் நமக்கு இல்லை. மதத்தைப் பட்டியல் சாதித் தகுதியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நமக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது.

திருச்சபையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. தமிழக ஆயர்களிடம் 2003இல் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சபைக்குள் நிலவும் சாதியைக் கண்டித்தார். இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணம், நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று சொல்லி, தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்பதையும் ஏற்றது. முதல் தலித் கர்தினால் வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் சான்று எங்கே? தில்லியில் இல்லை. பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது ஒரு சான்றை வைத்தார். மற்றவை நம் பங்குகளில் சிதறிக் கிடக்கின்றன. தேர்ப் பாதையின் வரைபடத்தில், கல்லறைத் திட்டத்தில், திருவிழா வரவு செலவு நோட்டில், பங்குப் பேரவையின் பெயர்ப்பட்டியலில், வேளாங்கண்ணிக்கு நடந்த கிழவர்களின் நினைவில் அவை இருக்கின்றன. பாதைக்குப் போனவர்களிடம், "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இங்கே என்ன கிடைக்கவில்லை?" என்றும் கேளுங்கள். இரண்டு பதில்களையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

மாணவர்களிடம் நாம் வேண்டுவது எளிய வேலைதான். உங்கள் பங்கில் தேர் எந்தத் தெரு வரை வருகிறது? எந்த ஆண்டிலிருந்து வருகிறது, யார் போராடி வந்தது? வடத்தை யார் பிடிக்கிறார்கள்? கல்லறையில் சுவர், வேலி, தனிவாசல் உண்டா? இறந்தவரைக் கோயிலுக்குக் கொண்டுவரும் வழி எல்லோருக்கும் ஒன்றா? தேதியோடும் இடத்தோடும் எழுதுங்கள். இருந்து மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள், மாற்றியவர்களின் வரலாறும் நம் வரலாறே.

இயக்கத் தோழர்களிடமும் ஒரு சொல். நடந்து போகும் இளைஞனைக் கேலி செய்வதால் நமக்கு எந்த லாபமும் இல்லை. பல நாள் வெயிலில் தேரிழுக்கத் தெரிந்தவன் அவன். அந்தச் சப்பரத்தை அவன் தன் ஊர்க் கோயில் வாசலுக்கும் பெரிய தெருவுக்கும் இழுத்துவரும் நாளில் அவனுக்குத் துணையாக யார் நிற்கப்போகிறோம் என்பதை இப்போதே பேசி முடிவுசெய்வோம். செப்டம்பர் 9ஆம் நாள் காலையில் நம் மக்கள் ஊர் திரும்புவார்கள். நம் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.